தீவும் தெளிவும்

கடலின் நடுவே ஒரு கற்றிட்டு. திட்டின் மேலே ஒரு மாளிகை. மாளிகைக்குள்ளே பத்துப் பேர். படகு போய்விட்டது, புயல் வந்துவிட்டது. பொழுது புலர்ந்து பார்த்தால், பத்துப் பேர் ஒன்பது பேராகியிருக்கின்றனர்!

இவ்வளவு படித்ததுமே, "ஓ, இதுவா! தெரிந்த கதைதானே!" என்று புன்னகை புரியும் தோழர்கள் பலர் இருப்பர். ஆம், தெரிந்த கதைதான். ஆயினும் ஆண்டுதோறும் ஆங்கிலப் பதிப்பகத்தார் வரவிருக்கும் நூல்களின் பட்டியலை வெளியிடும்போது, தீவிலே நடக்கும் கொலைக் கதை ஒன்றிரண்டேனும் அதிலே இடம்பெறாமற் போவதில்லை. திருமண விருந்துக்குக் கூடிய தீவு, நோயாளரை அடைத்து வைத்த தீவு, செல்வர் ஓய்வெடுக்க வந்த தீவு என்று பெயர்தான் மாறும். அட்டையிலே அதே கருமேகம், அதே கரும்பாறை, அதே ஒற்றைச் சன்னல் வெளிச்சம்!

நான் பள்ளி ஆசிரியை. பகலிலே பிள்ளைகட்கு வரலாறு கற்பிக்கிறேன்; இரவிலே, விடைத்தாள் கட்டு தீர்ந்தபின், இந்தத் தீவுகளுக்குப் பயணம் போகிறேன். என் கையிலே இத்தகைய ஏடொன்றைக் கண்ட மூத்த ஆசிரியர் ஒருவர், "பட்டம் பெற்றவள், பாடம் நடத்துபவள், நாட்டுக்குப் பயன்படும் நூல் படிக்கலாகாதா? கொலைக் கதையா படிப்பது?" என்று பரிவோடு கடிந்துகொண்டார். அவர் கேட்டதிலே தவறில்லை. கேள்விக்கு விடை தரவேண்டியது என் கடமை. அந்த விடைதான் இக்கட்டுரை. வரவிருக்கும் தீவுக் கதைகளை எப்படி எடை போடுவது என்பதற்கு நான் வைத்திருக்கும் படிக்கற்களையும் இதிலேயே எடுத்து வைக்கிறேன். தோழர்கள் எடுத்துப் பார்த்து, எடை சரியா என்று சொல்லட்டும்.

முதலிலே, ஏன் தீவு?

ஊர் என்றால் நூறு வழி. வந்தவன் எவன், போனவன் எவன் என்று கணக்கு வைக்க முடியாது. கொலை நடந்தால், "யாரோ வழிப்போக்கன் செய்திருப்பான்" என்று சொல்லித் தப்பலாம். தீவிலே அந்தத் தப்பு வழி இல்லை. இருப்பவர் இத்தனை பேர். வந்த வழி ஒன்று. அந்த வழியும் அடைபட்டது. ஆகவே, குற்றவாளி இந்தக் கூட்டத்துக்குள்ளேதான்! கரும்பலகையிலே கணக்கை எழுதி, "இதற்கு மேல் எந்த எண்ணும் வராது, இருப்பதை வைத்து விடை காணுங்கள்" என்று சொல்வது போன்றது அது. வெளியார் மீது பழி போட முடியாத இடத்திலேதான், மனிதன் தன் அருகே இருப்பவனை உற்று நோக்கத் தொடங்குகிறான்.

இந்த வகைக்கு வழிகாட்டியாக அமைந்தது, அகதா கிறிஸ்டி 1939ஆம் ஆண்டு வெளியிட்ட புதினம். இன்று 'அண்ட் தென் தேர் வேர் நன்' என்ற பெயரால் அது உலகெங்கும் அறியப்படுகிறது. பத்துக் கோடிப் படிகளுக்கு மேல் விற்றிருக்கும் என்று மதிப்பிடுகின்றனர். 1965இல் இந்தியிலே 'கும்நாம்' என்றும், 1970இல் தமிழிலே எஸ். பாலசந்தர் இயக்கிய 'நடு இரவில்' என்றும் வந்த படங்களின் வேர், இந்த நூலிலேதான் இருக்கிறது. நாடுகள் வேறு, நடை வேறு, உடை வேறு. அச்சத்தின் அடித்தளம் ஒன்று.

அந்தக் கற்பனைத் தீவுக்குக் கருவாக இருந்த உண்மைத் தீவும் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் தென்மேற்கிலே, டெவன் கடற்கரைக்கு அருகே, பர் தீவு. கிறிஸ்டி அங்கிருந்த விடுதியிலே தங்கியவர். 1941இல் வந்த 'ஈவில் அண்டர் தி சன்' என்ற அவரது மற்றொரு புதினத்துக்கும் அத்தீவே அடிப்படை. இதிலே ஒரு வேடிக்கை! கடல் வற்றும் வேளையிலே அத்தீவுக்கு மணல்மீது நடந்தே போகலாம். கடல் பெருகினால், உயர்ந்த மேடை பொருத்திய டிராக்டர் ஒன்று நீருக்குள் இறங்கிப் பயணிகளைக் கொண்டு சேர்க்கும். நாளுக்கு இருமுறை தீவாகி, இருமுறை தீவல்லாமற் போகும் திட்டு அது! வாசலிலிருந்து நடந்துபோகும் தொலைவிலே இருக்கும் ஒரு மணல்மேட்டிலிருந்து, உலகையே நடுங்க வைத்த தனிமையை எழுத்தாளர் உண்டாக்கினார். தனிமை கடலிலே இல்லை, கதையைக் கட்டிய முறையிலே இருக்கிறது என்பதை இதனால் அறிகிறோம்.

ஆகவே என் முதல் படிக்கல் இது: தீவின் கதவை ஆசிரியர் நேர்மையாக அடைத்திருக்கிறாரா? புயல் வருமுன் மேகம் தெரிந்ததா? படகு வராததற்குக் காரணம் உண்டா? கையிலே தொலைபேசி வைத்திருக்கும் காலத்திலே, அது ஏன் பேசவில்லை என்பதற்கு விடை இருக்கிறதா? லூசி ஃபோலி 2020இல் வெளியிட்ட 'தி கெஸ்ட் லிஸ்ட்' புதினத்திலே அயர்லாந்துக் கரைக்கு அப்பாலுள்ள தீவொன்றிலே திருமணம் நடக்கிறது. புயல் வீசுகிறது, விளக்குகள் அணைகின்றன. புயலின் அறிகுறி முன்னரே காட்டப்பட்டுவிடுவதால், வாசகன் ஏமாற்றப்பட்டதாக உணர்வதில்லை. திடீரென்று வானம் பிளந்து ஆசிரியருக்கு உதவி செய்தால், அந்த நூலை மூடிவிடலாம்.

இரண்டாம் படிக்கல், என் நெஞ்சுக்கு மிகவும் நெருக்கமானது: பேயை வைத்துப் பிழைக்கிறாரா ஆசிரியர்?

தோழர்களுக்கு வியப்பூட்டும் செய்தியொன்று. 1929ஆம் ஆண்டிலே துப்பறியும் கதைக்குப் பத்து விதிகளை வகுத்தார் ரொனால்டு நாக்ஸ். அவர் யார்? கத்தோலிக்கப் பாதிரியார்! அவர் வகுத்த விதிகளிலே ஒன்று, இயற்கைக்கு மீறிய எந்த ஆற்றலும் கதைக்குள் தலைகாட்டக் கூடாது என்பது. அடுத்த ஆண்டு, 1930இலே, இலண்டனிலே துப்பறியும் எழுத்தாளர் கழகம் அமைந்தது. கிறிஸ்டி, டாரதி சேயர்ஸ் போன்றோர் அதன் உறுப்பினர். சமயப் பற்று மிக்க செஸ்டர்டன் முதல் தலைவர். உறுப்பினராகச் சேருவோர், தெய்வத் திருவாக்கினாலோ, மாய மந்திரத்தினாலோ, தற்செயலினாலோ புதிரை அவிழ்ப்பதில்லை, அறிவைக் கொண்டே அவிழ்ப்போம் என்று உறுதி கூற வேண்டும். கோயிலிலே எதை நம்பினாலும், கொலையைத் துலக்க வரும்போது காரணம் வேண்டும், சான்று வேண்டும், கண்டவர் வேண்டும் என்று அவர்களே ஒப்புக்கொண்டனர்! பகுத்தறிவின் தேவையை உணர்த்த இதைவிடச் சிறந்த சாட்சி வேறென்ன வேண்டும்?

கதையை விடுவோம், உண்மையிலே நடந்த தீவுப் புதிர் ஒன்றைச் சொல்கிறேன். இதைப் பள்ளியிலேயும் சொன்னேன்.

ஸ்காட்லாந்தின் மேற்கே, லூயிஸ் தீவுக்கும் அப்பால், ஏறத்தாழ 32 கிலோமீட்டர் தொலைவிலே பிளானன் தீவுகள் இருக்கின்றன. அங்கே 1899ஆம் ஆண்டு திசம்பரிலே கலங்கரை விளக்கம் ஒன்று ஒளிவிடத் தொடங்கியது. ஓராண்டு கழிந்தது. 1900ஆம் ஆண்டு திசம்பர் 15ஆம் நாள் இரவு, அவ்வழியே சென்ற கப்பலொன்று, விளக்கு எரியவில்லை என்பதைக் கண்டது. 26ஆம் நாள், மாற்றுக் காவலரோடு 'எசுபெரசு' என்ற கப்பல் தீவை அடைந்தது. வரவேற்க எவரும் வரவில்லை. டூகாட், மார்சல், மக்ஆர்தர் என்ற மூன்று காவலரும் இல்லை! விளக்கு துடைக்கப்பட்டு, எண்ணெய் நிரப்பப்பட்டு, ஏற்றுவதற்கு ஆயத்தமாக இருந்தது. சமையற் பாத்திரங்கள் கழுவித் துப்புரவாக இருந்தன. மழைக்கு அணியும் எண்ணெய்த் துணி அங்கிகளிலே ஒருவருடையது மட்டும் மாட்டிய இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

இதைச் சொல்லி நிறுத்திவிட்டு, "என்ன நடந்திருக்கும்?" என்று கேட்டேன். "பேய், டீச்சர்!" என்றது வகுப்பின் பாதி. "கடற்கொள்ளையர்!" என்றது மறுபாதி. கடைசி வரிசையிலே, மீன்பிடிக்கும் குடும்பத்துப் பிள்ளை ஒருவன், மெல்ல எழுந்து, "படகு கட்டும் இடம் எந்தப் பக்கம், டீச்சர்? அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார்களா?" என்று கேட்டான்.

அதே கேள்வியைத்தான் 1900இலே கலங்கரை விளக்க வாரியத்தின் கண்காணிப்பாளர் ராபர்ட் மூர்கெட்டும் கேட்டார். போய்ப் பார்த்தார். மேற்குப் படகுத் துறையிலே, கடல்மட்டத்துக்கு 33 மீட்டர் உயரத்திலே, கயிறுகள் வைத்திருந்த பெட்டி உடைந்து, உள்ளிருந்தவை சிதறிக் கிடந்தன. இரும்புக் கம்பிவேலி வளைந்திருந்தது. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள பாறை இடம் பெயர்ந்திருந்தது. பெட்டியையும் கயிற்றையும் காக்கச் சென்றவர்களைப் பேரலை ஒன்று வாரிச் சென்றிருக்க வேண்டும் என்று அவர் முடிவுரைத்தார். பாடநூலிலிருந்து பெறாத ஒரு கேள்வியை, அலையோடு வாழும் வீட்டிலிருந்து அந்தப் பிள்ளை கொண்டுவந்திருந்தான். கேள்விக்குப் பட்டம் தேவையில்லை. பார்க்கப் பழகிய கண் போதும்.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லையே! 1912இலே கவிஞர் ஒருவர் இந்நிகழ்ச்சியைப் பாட்டாக்கினார். அதிலே பாதி உண்ட உணவும் கவிழ்ந்த நாற்காலியும் வந்து சேர்ந்தன. பாத்திரங்கள் கழுவப்பட்டிருந்தன என்று நேரிலே கண்டவர் எழுதிய கடிதம் இருக்கிறது. இருந்தும், கவிழ்ந்த நாற்காலிதான் உலகின் நினைவிலே நின்றது! பிற்காலத்திலே, காவலர் அழுதனர், தொழுதனர் என்று எழுதப்பட்ட போலி நாட்குறிப்பு வரிகளும் ஏறிக்கொண்டன. கண்டவர் சொல்லாததைக் காணாதவர் சொல்வதும், சொல்லச் சொல்ல அது உண்மையென நிலைப்பதும் எத்துணை எளிது பாருங்கள்!

இதெல்லாம் எங்கோ ஸ்காட்லாந்திலே என்று எண்ணிவிட வேண்டாம். நாற்காலியைக் கவிழ்ப்பதற்குக் கடல் கடந்து போகவேண்டியதில்லை. எங்கள் பள்ளியிலே, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, காலைக் கூட்டத்திலே மயங்கி விழுந்தாள். அவளைத் தாங்கிப் பிடித்தவள் நான். கண் விழித்ததும் அவள் கேட்டது ஒரே சொல், "தண்ணீர்." நண்பகலுக்குள், அவள் பழங்கிணற்றருகே விழுந்தாள் என்றாயிற்று. மாலைக்குள், தலைவிரி கோலமாகச் சிரித்தாள் என்றாயிற்று. மறுநாள், ஆண் குரலிலே பேசினாளாம்! அந்தக் குரலைக் கேட்டவர் யார் என்று வினவினேன். ஒருவர் மற்றொருவரைக் கைகாட்டினார், அவர் இன்னொருவரைக் கைகாட்டினார், வட்டம் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்தது. பாட்டியார் கோடாங்கிக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். "ஊரே சொல்கிறதே, டீச்சரம்மா!" என்று கலங்கினார் தாயார். "ஊர் சொல்வது இருக்கட்டும், அம்மா. உங்கள் மகள் என்ன சொல்கிறாள்? காலையிலே என்ன சாப்பிட்டாள்?" என்று கேட்டேன். பேருந்தைப் பிடிக்கும் அவசரத்திலே, பல திங்களாகக் காலை உணவே இல்லை! அரசு மருத்துவமனையிலே இரத்தத்தைச் சோதித்தனர், இரத்தச்சோகை என்றனர், இரும்புச்சத்து மாத்திரை தந்தனர். உடுக்கையடியும் வேப்பிலையடியும் விழ இருந்த முதுகிலே, இன்று புத்தகப் பை தொங்குகிறது. நடக்கும்போது பையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டுதான் நடக்கிறாள், அவ்வளவு புத்தகம்!

மூத்த ஆசிரியருக்கு நான் தரும் விடை இதிலே இருக்கிறது. "கண்டவர் யார்? காரணம் என்ன?" என்று அன்று என் நாவிலே வந்த கேள்விகள் வானத்திலிருந்து விழவில்லை. வரலாற்று வகுப்பிலே கொஞ்சம் கற்றேன். இந்தத் தீவுகளிலே நிறையக் கற்றேன். இருளையும் ஓலத்தையும் முந்நூறு பக்கம் காட்டி, கடைசி இருபது பக்கத்திலே அத்தனைக்கும் காரணம் கூறும் நூல், அச்சத்துக்கு அடிமையாகாதிருக்கும் பயிற்சியைத் தருகிறது. முந்நூறு பக்கமும் ஓலமிட்டு, முடிவிலே "அது ஆவிதான்" என்று கைவிரிக்கும் நூல், கோடாங்கிக்குத் தரகு வேலை பார்க்கிறது.

பிளானன் புதிரையே அடிப்படையாகக் கொண்டு, எம்மா சுடோனெக்சு 2021இலே 'தி லேம்ப்லைட்டர்ஸ்' என்ற புதினத்தை வெளியிட்டார். நிகழிடத்தைக் கார்ன்வால் கடலுக்கும், காலத்தை 1972க்கும் மாற்றினார். உள்ளே தாழிட்ட கதவு, நின்றுபோன கடிகாரங்கள், காணாமற்போன மூவர். ஆனால் அவர் போற்றத்தக்க ஒரு செயல் செய்தார். இருபது ஆண்டு கழித்து, 1992இலே, அந்த மூவருக்காகக் காத்திருந்த பெண்களைப் பேச வைத்தார். கடலிலே போனவனைப் பற்றிப் பாட்டு உண்டு, படம் உண்டு, நினைவுக்கல் உண்டு. கரையிலே நின்றவளை யார் கேட்டார்? புதிரின் விலையை யார் செலுத்தினார் என்று கேட்கும் நூல் உயர்ந்த நூல்.

இங்கிருந்து என் மூன்றாம் படிக்கல் பிறக்கிறது: அந்தத் தீவிலே யார் யார் மனிதராக மதிக்கப்படுகின்றனர்?

மீண்டும் 1939க்கு வருவோம். கிறிஸ்டியின் அந்தப் புதினம் முதன்முதல் இங்கிலாந்திலே வெளிவந்தபோது, கறுப்பின மக்களை இழித்துரைக்கும் சொல்லைத் தலைப்பிலேயே தாங்கி வந்தது. 1940இலே அமெரிக்கப் பதிப்பாளர் அத்தலைப்பை மாற்றினர். இங்கிலாந்திலோ, 1985 வரையிலே அது நீங்கவில்லை. பிரெஞ்சு மொழியிலே 2020இல்தான் மாறிற்று. தலைப்பு மாறிவிட்டதே, இனி என்ன குறை என்று கேட்கலாம். உள்ளே பாருங்கள், தோழர்களே! தீவுக்கு வந்தோர் ஒவ்வொருவர் மீதும் குற்றப்பட்டியல் படிக்கப்படுகிறது. எவருடைய சாவுக்கு யார் பொறுப்பு என்று பெயர் சொல்லி உரைக்கிறது அக்குரல். சிறுவனுக்குப் பெயர் உண்டு, பணிப்பெண்ணுக்குப் பெயர் உண்டு, படைவீரனுக்குப் பெயர் உண்டு. லொம்பார்டு என்பவனால் மடிந்தவர்களுக்கு மட்டும் பெயர் இல்லை. அவர்கள், கிழக்கு ஆப்பிரிக்கப் பழங்குடியினர் 21 பேர். அவ்வளவுதான்! மற்றவர்க்கெல்லாம் பெயர், அவர்களுக்கு எண்.

இதைச் சொல்வதால், அந்த நூலை எரிக்கச் சொல்கிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். அது கட்டமைப்பிலே ஈடற்ற நூல். நான் மூன்று முறை படித்தவள். அவர்களுடைய சாவும் குற்றமே என்று பட்டியலிலே சேர்த்ததற்காக ஆசிரியருக்கு ஒரு மதிப்பெண் தருவேன்; பெயரற்றவராக விட்டதற்காக ஒன்றைக் கழிப்பேன். வகுப்பிலே இந்நூலைப் பாடமாக வைக்கும் நாள் வந்தால், அந்த 21 பேரைப் பற்றித்தான் முதல் வினாவை எழுதுவேன்.

வரவிருக்கும் நூல்களிலும் இதையே பார்க்கிறேன். படகோட்டிக்குப் பெயர் உண்டா? சமையற்காரிக்கு அறிவு உண்டா? தீவிலே பிறந்து வளர்ந்தோர், மூடுபனிக்குள்ளிருந்து முறைத்துப் பார்ப்பதற்கு மட்டும் பயன்படுகின்றனரா, அல்லது அவர்களுக்கும் ஒரு வாழ்வு, ஒரு வாதம் உண்டா? செல்வர் பத்துப் பேர் மடிவதைப் பார்த்துக்கொண்டு தட்டேந்தி நிற்கும் ஊமை உருவங்களாகவே உழைப்பாளரைக் காட்டும் ஏடு, பழைய அரண்மனைக்குப் புது வெள்ளை அடித்த ஏடு.

இவ்வகையிலே பாராட்டுக்குரிய படைப்பு, சப்பானிலே பிறந்தது. செய்சி யோகோமிசோ எழுதிய 'கோகுமொன் தீவு' 1947, 1948ஆம் ஆண்டுகளிலே தொடராக வந்தது; ஆங்கிலத்திலே 2022இல்தான் கிடைத்தது. போர் முடிந்து ஊர் திரும்பும் கின்தாயிச்சி என்ற துப்பறிவாளர், இறந்துபோன போர்த்தோழன் ஒருவனின் சாவுச் செய்தியைச் சுமந்து அவனது தீவுக்குப் போகிறார். தீவிலே ஒரு பெருங்குடும்பம், மூத்த கிளை, இளைய கிளை என்ற வேறுபாடு, மூன்று தங்கையர். அவர்களின் உயிருக்கு ஆபத்து என்பதைச் சாகுமுன் தோழன் சொல்லியிருக்கிறான். முடிவை நான் சொல்லமாட்டேன். ஆனால் இதைக் கவனியுங்கள்: குடும்பத் தலைவருக்குப் பிறர் வாழ்வின் மீதிருந்த அதிகாரத்தை நீக்கிச் சப்பானின் குடிமைச் சட்டம் 1947இலே திருத்தப்பட்டு, 1948இலே நடைமுறைக்கு வந்தது. கதையும் சட்டமும் ஒரே காலத்துப் பிள்ளைகள்! ஏட்டிலே மாறிய சட்டம், கடல் கடந்து ஒரு தீவின் திண்ணைக்குப் போய்ச் சேர எத்தனை நாளாகும் என்பதை அந்த நாவல் நினைவூட்டுகிறது. குடும்பப் பெருமை என்ற சொல்லின் அடியிலே யார் யார் நசுங்குகின்றனர் என்று கேட்கும் எவரும் அதைப் படிக்கலாம்.

பகுத்தறிவுத் தோழர்களுக்கென்றே ஒரு நூலைத் தனியே குறிப்பிட வேண்டும். டென்னிசு லெகேன் 2003இல் வெளியிட்ட 'சட்டர் ஐலண்ட்'. 2010இலே திரைப்படமாகவும் வந்தது. பாசுடன் துறைமுகத் தீவொன்றிலே, குற்றம் புரிந்த மனநோயாளருக்கான மருத்துவமனை. காலம் 1954. பேய் இல்லை, பூசாரி இல்லை. வெள்ளை அங்கி அணிந்த மருத்துவர் இருக்கின்றனர். அச்சம் அவர்களிடமிருந்தே பிறக்கிறது! அந்தக் காலத்தை எண்ணிப் பாருங்கள். மூளையின் நரம்பிழைகளை அறுக்கும் மருத்துவ முறைக்காக எகாசு மோனிசு என்பவருக்கு 1949இலே நோபல் பரிசு வழங்கப்பட்டது. குளோர்புரோமசின் என்ற மருந்துக்கு அமெரிக்காவிலே 1954இலே இசைவு கிடைத்தது. கத்தியா, மாத்திரையா, கனிந்த பேச்சா என்ற போராட்டத்தின் நடுவே கதை நடக்கிறது. மூளையை அறுத்த முறை பின்னாளிலே கைவிடப்பட்டது. கைவிடச் செய்தது எது? கோயில் மணியோசையா? இல்லை. நோயாளியின் நிலையை ஆராய்ந்த மருத்துவரும், மேலான மருந்தும், கேள்வி கேட்டோரும்தாம். அறிவியலின் தவற்றைத் திருத்துவதும் அறிவியலே; ஆனால் கேள்வி நுழைய முடியாத மதிலைச் சுற்றிக் கட்டிவிட்டால், அறிவியலின் பெயராலும் கொடுமை நடக்கும். சாமியாரை நோக்கி வீசும் கேள்வியை, சான்றிதழ் பெற்றவரை நோக்கி வீசவும் நாம் அஞ்சக்கூடாது.

இதற்கு நேர்மாறான ஒரு தீவும் உண்டு. பி. டி. ஜேம்சு 2005இலே எழுதிய 'தி லைட்ஹவுசு'. கார்ன்வால் கரைக்கு அப்பால், பெரும் பதவியிலே இருப்போர் அமைதி நாடி வந்து தங்கும் தீவு அது. காவலர் வேண்டாம், கூட்டம் வேண்டாம், எவரும் அணுக முடியாது என்று நம்பி வருகின்றனர். கொலை நடக்கிறது. துப்பறிய வந்த டால்கிலீசு நோயிலே விழுகிறார். என்ன நோய்? 2003இலே உலகை உலுக்கிய சார்சு! பணத்தாலும் பதவியாலும் கடலாலும் கட்டிய மதிலை, கண்ணுக்குத் தெரியாத கிருமி ஒரு மூச்சிலே தாண்டிவிடுகிறது. 2020க்குப் பின் அந்தப் பக்கங்களைப் படிப்பவருக்கு விளக்கவுரை தேவையில்லை. மனிதர் எவரும் முழுத்தீவாக வாழ முடியாது என்பதை, அறிவுரை கூறாமல் அந்தக் காய்ச்சல் சொல்லிவிடுகிறது.

நான்காம் படிக்கல்தான் கனமானது: தண்டிக்கும் உரிமையை யாருக்குத் தருகிறது நூல்?

தீவுக் கதைகள் பலவற்றிலே, மடிபவர் மாசற்றவர் அல்லர். பழைய கொடுமையொன்றைச் செய்துவிட்டுச் சட்டத்தின் கையிலே சிக்காமல் உலவியவர். ஆகவே, மறைந்திருந்து ஒருவன் தீர்த்துக்கட்டும்போது, "சரியான தண்டனை!" என்று வாசகன் கைதட்டுகிறான். நானும் அந்தக் கிளர்ச்சியை உணர்கிறேன். ஆனால் நிதானித்துப் பாருங்கள். குற்றம் சாட்டும் குரல் இருக்கிறது, குரலுக்குரியவர் முகம் இல்லை. மறுத்துரைக்க வாய்ப்பில்லை, சான்றைச் சோதிக்க வழியில்லை, மேல்முறையீடு இல்லை. ஊரெல்லாம் வதந்தியைக் கேட்டு ஒரு பெண்ணுக்குப் பேய் பிடித்ததென்று தீர்ப்பளித்ததற்கும் இதற்கும் எத்தனை தொலைவு? சட்டத்திலே ஓட்டை இருந்தால், ஓட்டையை அடைக்கப் போராட வேண்டும். ஓட்டை வழியே கயிற்றை நுழைத்துக் கழுத்தைத் தேடக் கூடாது. கொலையாளியின் வாதத்தை முழுமையாகக் கேட்க வைத்து, அதன்பின் அதன் ஓட்டையையும் காட்டும் நூலே நேர்மையான நூல். கைதட்ட மட்டும் வைக்கும் நூல் சுவையாக இருக்கலாம். அந்தச் சுவை நாவிலே தங்கினால் நஞ்சு.

இவையே என் நான்கு படிக்கற்கள்: கதவை அடைத்த முறை, பேய்க்குக் கூறிய காரணம், பெயரற்றோர்க்கு அளித்த இடம், தண்டிக்கும் உரிமையைப் பற்றிய தெளிவு. நான்கிலும் தேறும் நூல் அரிது. மூன்றிலே தேறினால் விலை கொடுத்து வாங்குவேன். இரண்டிலே தேறினால் நூலகத்திலே எடுத்துப் படிப்பேன். ஒன்றிலே மட்டும் தேறினால், இரயில் பயணத்திலே இரவல் வாங்கிப் படித்துவிட்டு, இறங்கும்போது மறந்துவிடுவேன்.

இனி வரும் பட்டியல்களிலும் தீவுகள் வரும். கருமேகம் வரும், கரும்பாறை வரும், "இறுதிப் பக்கம் வரை இதயம் துடிக்கும்" என்ற விளம்பரம் வரும். வரட்டும். தோழர்களே, வாசக சாலையிலே அத்தகைய ஏடு கையிலே கிடைத்தால், வெட்கப்பட்டு அட்டையைத் திருப்பி மறைத்துப் படிக்காதீர்கள். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். யார் எதைக் கண்டார், யார் எதைக் கேள்விப்பட்டார் என்று ஓரத்திலே இரண்டு பத்தியாகக் குறித்து வாருங்கள். கண்டது ஒரு பக்கம், கேட்டது ஒரு பக்கம். நூலை முடித்தபின் அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டாம். நாளைக் காலை செய்தித்தாளை விரிக்கும்போதும், தெருமுனையிலே நாலு பேர் கூடிப் பேசும்போதும், அதே இரண்டு பத்தியைப் போட்டுப் பாருங்கள். கேள்விப்பட்ட பத்தி எவ்வளவு நீளம், கண்ட பத்தி எவ்வளவு குட்டை என்பது அப்போது தெரியும்.